அடைமொழி கண்டு பொருள் ஆக்கல்

கணினிக்கு ஏவல் எழுதப் பயில்வோர் முதலிற் கற்கும் பாடம், தாம் எழுதியதைக் கணினி எழுதியவாறே நிறைவேற்றும் என்பதாகும். பயிற்சி முதிர்ந்தபின் அவர்கள் எதிர்ப்படும் வேறொரு பாடம் சிறிது வியப்பைத் தருவது. ஒரு செய்நிரல் தன்னுடைய அமைப்பைத் தானே நோக்கவும், நோக்கிக் கண்டவற்றிற்கு ஏற்ப நடந்துகொள்ளவும் வல்லது என்பதே அப்பாடம். ஆங்கிலத்தில் இவ்வாற்றல் 'றிபிளெக்சன்' எனப்படும். கண்ணாடியில் முகம் பார்த்தலைக் கருதிப் 'பிரதிபலிப்பு' என மொழிபெயர்ப்பாருமுளர். தன்னைத் தான் ஆராய்தலே இதன் தொழிலாதலின், இக்கட்டுரையில் இதனைத் தன்னாய்வு என்று வழங்குவோம்.

தன்னாய்வின் பயன்கள் பல. அவற்றுள் நாள்தோறும் கைக்கொள்ளப்படும் ஒன்றை மாத்திரம் ஈண்டு எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வெறும் எழுத்துக்களாக வரும் தரவைக் கொண்டு, வகுப்பொன்றின் பண்புகளுக்கு இடப்பட்ட அடைமொழிகளைப் படித்து, பொருள்களை ஆக்கும் முறையே அது. அதன் செய்கையை முதலில் விளக்கிப் பின்னர் அதிலே பலர் கவனியாது விடும் உண்மை ஒன்றை எடுத்துக்காட்டுவோம். அடைமொழி ஒரு பண்பிற்கு வெளியுலகில் வழங்கும் பெயரைக் கூறுகின்றது. அத்துடன், அப்பண்பை வெளியுலகம் தொடலாம் என்னும் அனுமதியையும் கூறுகின்றது. பெயரை நினைந்து அனுமதியை மறந்தவிடத்துப் பெருந்தீங்கு விளைந்ததுண்டு. கணினி பயிலும் மாணவர்க்கும், வேறு துறைகளிற் பணியாற்றும் பழைய மாணவர்க்கும் ஒருங்கே விளங்குமாறு எளிய உதாரணம் ஒன்றின் துணைகொண்டு இதனைக் கூறுவோம்.

1. வகுப்பும் பண்பும் பொருளும்

பாடசாலையிற் சேரும் மாணவர்க்கென அச்சிடப்பட்ட அனுமதிப் பத்திரம் ஒன்றை நினைத்துக்கொள்க. பெயர், பிறந்த திகதி, பெற்றோர், முகவரி என வெற்றிடங்கள் அதிற் காணப்படும். எதையும் எழுதாத அந்தப் பத்திரம் கணினி மொழியில் வகுப்பு எனப்படும். அதிலுள்ள ஒவ்வொரு வெற்றிடமும் பண்பு எனப்படும். ஒரு மாணவனுக்காக நிரப்பப்பட்ட தாள் பொருள் எனப்படும். வகுப்பு ஒன்றே, அதிலிருந்து ஆயிரம் பொருள்களை ஆக்கலாம்.

ஒவ்வொரு பண்பிற்கும் ஓர் இனம் உண்டு. பெயர் எழுத்துச்சரம், பதிவிலக்கம் முழுவெண், பிறந்தநாள் திகதி. முழுவெண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்துச்சரத்தை இட முயன்றால், செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பான் அதனை அப்பொழுதே தடுத்துவிடும். இக்காவல் மிகப் பயனுடையது. பின்னர் நாம் கூறப்போகும் முறையில் இக்காவலின் ஒரு பகுதியை நாமே கைவிடுகின்றோம் என்பதை இங்கே மனத்திற் பதித்துக்கொள்வது நன்று.

2. ஒரே வேலையைப் பன்முறை எழுதும் இடர்

பழைய மாணவர் சங்கம் ஒன்றின் அங்கத்தவர் பதிவேடு கணினிக் கோப்பாக இருக்கின்றது எனக் கொள்வோம். முதல் நிரையிற் தலைப்புக்கள்: 'அங். இல.', 'முழுப்பெயர்', 'சேர்ந்த திகதி', 'செலுத்திய சந்தா'. அதன்கீழ் நிரைக்கு ஒருவராக அங்கத்தவர் விபரங்கள். இக்கோப்பைப் படித்து, ஒவ்வொரு நிரைக்கும் 'அங்கத்தவர்' என்னும் வகுப்பைச் சேர்ந்த பொருள் ஒன்றை ஆக்கவேண்டும்.

நேரான வழி எளியது. முதலாம் நிரலை எடுத்து முழுவெண்ணாக்கி இலக்கத்தில் இடுக. இரண்டாம் நிரலைப் பெயரில் இடுக. மூன்றாம் நிரலைத் திகதியாக்கி இடுக. இவ்வாறே நான்கும் முடிக்க. நான்கு வரிகளில் வேலை தீர்ந்தது. ஆயின், மறுமாதம் செயலாளர் நன்கொடைக் கோப்பைத் தருகின்றார். அதற்கடுத்த மாதம் நூலகர் நூற்பட்டியலைத் தருகின்றார். ஒவ்வொன்றிற்கும் அதே வேலையைப் புதிதாக எழுதவேண்டும். யாராவது ஒருவர் பதிவேட்டின் இரண்டாம் நிரலுக்கும் மூன்றாம் நிரலுக்கும் இடையில் 'முகவரி' என்னும் புது நிரலைச் செருகிவிட்டால், நிரலை எண்ணி எழுதிய செய்நிரல் முகவரியைத் திகதியாக்க முயலும்.

இவ்விடரின் வேர் யாது? 'சேர்ந்த நாள்' என்னும் பண்பு, கோப்பில் 'சேர்ந்த திகதி' என்னுந் தலைப்பின்கீழ் வரும் என்பது அப்பண்பைப் பற்றிய ஒரு செய்தி. அச்செய்தி பண்பின் அருகில் இல்லாமல், தூரத்திலே வேறொரு செயல்முறையின் நடுவிற் புதைந்து கிடக்கின்றது. பண்பை மாற்றுபவர் அவ்விடத்தை நினைப்பதில்லை. அவ்விடத்தை மாற்றுபவர் பண்பைப் பார்ப்பதில்லை.

3. அடைமொழி

நன்னூல் கற்ற மாணவர் அடைமொழியை அறிவர். இனமுள்ள அடை, இனமில்லா அடை என அது இருவகைப்படும். 'செந்தாமரை' என்னுமிடத்துச் செம்மை, வெண்டாமரையினின்றும் அதனைப் பிரித்துக் காட்டுகின்றது. 'செஞ்ஞாயிறு' என்னுமிடத்து அவ்வாறு பிரித்தற்கு வேறு ஞாயிறில்லை. ஆங்கிலத்தில் 'அற்றிபியூற்' எனக் கணினியாளர் கூறுவதனை நாம் அடைமொழி என்றது இவ்வொப்புமை நோக்கியேயாகும். வகுப்பிலுள்ள பண்புகளுட் சிலவற்றிற்கு முன்னால் அடையைச் சேர்த்து எழுதுகின்றோம். சேர்த்தவுடன் பண்புகள் அடையுடையன, அடையில்லன என இரு கூறாகின்றன. இஃது இனமுள்ள அடை போல்வது.

மைக்கிறோசொவ்ற் நிறுவனத்தில் அன்டர்ஸ் ஹெய்ல்ஸ்பேர்க் என்பவர் தலைமையில் வகுக்கப்பட்ட சீ-சார்ப் என்னும் மொழியில் இவ்வசதி தொடக்கத்திலேயே அமைந்திருந்தது. அம்மொழிக்கு இடமாகிய டொற்நெற் மேடையின் முதற்பதிப்பு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜாவா மொழி 2004ஆம் ஆண்டில் தன் ஐந்தாம் பதிப்பிலே இதனை வேறு பெயராற் சேர்த்துக்கொண்டது. செய்நிரல் தன்னைத் தான் நோக்கும் கருத்தோ இவற்றினும் முந்தியது. பிறையன் கான்ற்வெல் சிமித் என்பவர் 1982ஆம் ஆண்டிலே மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற்கு அளித்த ஆய்வேட்டில் இதனை முறைப்பட ஆராய்ந்துள்ளார்.

நமது உதாரண வகுப்பை இவ்வாறு எழுதலாம்:

அங்கத்தவர் என்னும் வகுப்பு
[நிரல்: "அங். இல."] இலக்கம் — முழுவெண்
[நிரல்: "முழுப்பெயர்"] பெயர் — எழுத்துச்சரம்
[நிரல்: "சேர்ந்த திகதி"] சேர்ந்தநாள் — திகதி
[நிரல்: "செலுத்திய சந்தா"] சந்தா — தசமவெண்
நிர்வாகியா — ஆம் அல்லது இல்லை

சதுர அடைப்புக்குள் நிற்பன அடைமொழிகள். ஐந்தாவது பண்பிற்கு அடைமொழி இல்லாமையைக் கவனிக்க. அதன் காரணம் ஆறாம் பகுதியிற் புலப்படும். சீ-சார்ப் மொழியில் வகுப்புக்கும் பண்புக்கும் தமிழெழுத்திலேயே பெயரிடலாம். ஏவற்சொற்கள் மாத்திரம் ஆங்கிலமாக நிற்கும். எனினும் பண்பின் பெயரில் இடைவெளியோ முற்றுப்புள்ளியோ வருதல் கூடாது. ஆதலால் 'அங். இல.' என்பது கோப்பிலே தலைப்பாகலாம், பண்பின் பெயராக முடியாது. கோப்பின் வழக்கையும் மொழியின் விதியையும் இணைப்பது அடைமொழி.

இங்கே இரண்டு விதிகள் அறியத்தக்கன. ஒன்று, அடைமொழிக்குள் எழுதும் மதிப்பு, செய்நிரல் தொகுக்கப்படும்போதே தீர்மானமாக இருக்கவேண்டும். ஓடும்போது கணித்துப் பெறும் மதிப்பை அங்கே எழுதல் இயலாது. மற்றையது, அடைமொழி தானாக ஒரு தொழிலையும் செய்யாது. சுவரில் ஒட்டிய அறிவித்தலைப் போல அது நிற்கும். அதனைப் படித்து அதன்படி நடக்கும் செயல்முறை ஒன்றை எழுதியபின்னரே அது பயன் தரும்.

4. பொருள் ஆக்கும் படிமுறை

அச்செயல்முறையை ஒருமுறை எழுதினாற் போதும். எந்த வகுப்பைக் கொடுத்தாலும் அது பணியாற்றும். அதன் படிகள் வருமாறு:

முதலாவது, கொடுக்கப்பட்ட வகுப்பின் விபரத்தைக் கேட்டுப் பெறுக. டொற்நெற் மேடையில் ஒவ்வொரு வகுப்பிற்கும் அதனை விபரிக்கும் 'ரைப்' என்னும் பொருள் ஒன்று உண்டு.

இரண்டாவது, அவ்விபரத்திடம் பண்புகளின் பட்டியலைக் கேட்க. இதற்குரிய ஏவல் 'கெற்புறொப்பற்றீஸ்' எனப்படும். பண்புகள் எழுதப்பட்ட ஒழுங்கிலேயே பட்டியல் வரும் என்று எண்ணற்க. அம்மேடையின் ஏழாம் பதிப்புக்கு முந்திய பதிப்புக்களில் அவ்வொழுங்கிற்கு உறுதியில்லை என்று மைக்கிறோசொவ்ற் நிறுவனத்தின் கைந்நூலே கூறுகின்றது. ஆதலின் 'மூன்றாம் பண்பு மூன்றாம் நிரல்' எனக் கணக்கிடுதல் ஆகாது.

மூன்றாவது, ஒவ்வொரு பண்பிலும் 'நிரல்' என்னும் அடைமொழி உண்டோ எனப் பார்க்க. இல்லையாயின் அப்பண்பை விட்டுவிடுக. உண்டாயின் அதிலுள்ள தலைப்பையும் பண்பையும் ஒரு சோடியாகக் குறித்துக்கொள்க. ஒரே தலைப்பை இரு பண்புகள் கோரினால் அங்கேயே நிறுத்தி அறிவிக்க.

நான்காவது, கோப்பின் முதல் நிரையைப் படித்து, ஒவ்வொரு தலைப்பும் எத்தனையாம் நிரலில் உள்ளது என அறிக. அடைமொழி கோரும் தலைப்பொன்று கோப்பில் இல்லையாயின், அதனையும் இப்பொழுதே அறிவிக்க.

ஐந்தாவது, ஒவ்வொரு நிரைக்கும் வெற்றுப் பொருள் ஒன்றை ஆக்குக. 'அக்றிவேற்றர்' என்னும் துணை இதனைச் செய்யும். உள்ளீடு எதுவும் வேண்டாத ஆக்கமுறை அவ்வகுப்பில் இருத்தல் வேண்டும். இன்றேல் வழு நேரும்.

ஆறாவது, குறித்துவைத்த ஒவ்வொரு சோடிக்கும் உரிய எழுத்துச்சரத்தை எடுத்து, பண்பின் இனத்திற்கு மாற்றி, பண்பிலே இடுக.

இவ்வாறு படிகளிரண்டு தொகுதிகளாகப் பிரிதலை நோக்குக. முதல் மூன்றும் வகுப்பைப் பற்றியன. ஒருமுறை செய்து விடையைச் சேமித்து வைக்கலாம். கடைசி இரண்டும் நிரைதோறும் நிகழ்வன. முதல் மூன்றையும் நிரைதோறும் திரும்பச் செய்யும் செய்நிரலே 'தன்னாய்வு மந்தமானது' என்னும் பழிக்குப் பெரும்பாலும் காரணமாகின்றது.

இனி நன்கொடைக் கோப்பு வந்தால், நன்கொடை என்னும் வகுப்பை எழுதி அதன் பண்புகளுக்கு அடைமொழி இட்டாற் போதும். 'முகவரி' நிரல் இடையிற் புகுந்தாலும் பழைய தலைப்புக்கள் பெயராற் தேடப்படுதலின் ஊறில்லை.

5. எழுத்து இனம் மாறும்போது

ஆறாவது படியிற் சொல்லப்பட்ட மாற்றம் பார்வைக்குச் சிறிது. வழுக்கள் மிகுதியும் அங்கேதான் பிறக்கின்றன. டொற்நெற் மேடையில் எழுத்துச்சரத்தை வேண்டிய இனத்திற்கு மாற்றும் பொது ஏவல் ஒன்று உண்டு. அதனை நம்பி அமைதலுக்கு முன் நான்கு விடயங்களை ஆராய்தல் வேண்டும்.

திகதி முதலாவது. '03/04/1961' என்பது நம்மவர்க்கு ஏப்பிரல் மாதம் மூன்றாந் திகதி. அமெரிக்கர்க்கு மார்ச்சு மாதம் நான்காந் திகதி. வேறு கட்டளை இல்லாதவிடத்து மாற்றும் ஏவல், கணினியிற் குறிக்கப்பட்டுள்ள நாட்டு வழக்கைப் பின்பற்றும். ஒரே கோப்பு இரு கணினிகளில் இரு வேறு நாட்களைத் தரும். இரண்டும் செல்லுபடியாகும் நாட்களாதலின் எவ்வித எச்சரிக்கையும் எழாது. நாடு சாராப் பொதுவழக்கு என அம்மேடை வைத்திருக்கும் முறையும் மாதத்தையே முன்வைத்துப் படிக்கும். ஆதலால் திகதியின் வடிவத்தை அடைமொழியிலேயே எழுதி, அவ்வடிவத்தின்படி மாத்திரம் படிக்கச் செய்தல் தக்கது.

எண் இரண்டாவது. '1.500' என்பதை ஜேர்மனிய வழக்கு ஆயிரத்தைந்நூறு எனப் படிக்கும்; நமது வழக்கு ஒன்றரை எனப் படிக்கும். சந்தாக் கணக்கில் இது சிறிய வேறுபாடன்று.

வெற்றிடம் மூன்றாவது. மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என அறிவிக்கப்பட்ட எண் இனத்திற்கு அப்பொது ஏவல் நேரே மாற்றித் தராது, வழுவென நிறுத்தும். உள்ளே இருக்கும் அடிப்படை இனத்தை முதலிற் கேட்டறிந்து அதற்கு மாற்றவேண்டும். வெற்றிடத்தைப் பூச்சியமாக்குதல் பெரும் பிழை. சந்தா கட்டாதவரும், கட்டினாரோ இல்லையோ என்பது பதியப்படாதவரும் ஒருவரல்லர்.

பெயர்ப்பட்டியல் இனம் நான்காவது. 'ஆயுள் அங்கத்தவர்', 'ஆண்டு அங்கத்தவர்' என வரையறுத்த சில சொற்களே வரத்தக்க பண்பிற்கும் பொது ஏவல் போதாது. அதற்கெனத் தனி ஏவல் உண்டு.

இவற்றுள் எதிலேனும் வழு நேர்ந்தால், எத்தனையாம் நிரை, எந்தத் தலைப்பு, எந்த மதிப்பு என்னும் மூன்றையும் அறிவிக்கும்படி எழுதுக. 'மாற்றம் தவறியது' என்று மாத்திரம் கூறும் அறிவித்தல், நானூறு நிரைகளையும் கண்ணாற் தேடும் வேலையைச் செயலாளர் தலையிற் சுமத்தும்.

6. பெயரும் அனுமதியும்

இனி, அடைமொழி பெறாது நின்ற ஐந்தாவது பண்பிற்கு வருவோம். 'நிர்வாகியா' என்னும் பண்பு, சங்கத்தின் பதிவேட்டைத் திருத்தும் உரிமை ஒருவர்க்கு உண்டோ இல்லையோ என்பதைக் குறிப்பது. அதனைச் செய்நிரல் தன்னுள்ளே தீர்மானிக்கவேண்டும்.

அடைமொழியை வேண்டாது, 'தலைப்பும் பண்பின் பெயரும் ஒத்தால் நிரப்புக' என்று நமது செயல்முறையை எழுதியிருந்தோம் எனக் கொள்க. வசதி மிகுதி, எழுதுவதோ குறைவு. ஆனால், கோப்பை அனுப்பும் ஒருவர் அதன் இறுதியில் 'நிர்வாகியா' எனத் தலைப்பிட்ட நிரலொன்றைச் சேர்த்து, தமது பெயருக்கு நேரே 'ஆம்' என எழுதினால் என்னாகும்? செயல்முறை அதனையும் விசுவாசமாக நிரப்பிவிடும். பண்பை உள்ளிருந்து மாத்திரமே மாற்றலாம் என வகுப்பில் எழுதிவைத்தாலும் அது போதிய காப்பன்று. சீ-சார்ப் மொழியில் அவ்வாறு மறைக்கப்பட்ட பண்பிற்கும் தன்னாய்வின் வழியாக மதிப்பிடலாம்.

இது வெறுங் கற்பனையன்று. 2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கிற்கப் என்னும் செய்நிரற் களஞ்சியத்திலே இத்தகைய நிகழ்ச்சியொன்று நடைபெற்றது. தமது இரகசியக் குறியீட்டுச் சாவியின் வெளிப்பகுதியைப் பதியும் படிவத்தில், இளைஞர் ஒருவர், படிவத்தில் இல்லாத பயனர் இலக்கம் என்னும் விபரத்தையும் சேர்த்து அனுப்பினார். உள்ளிருந்த செய்நிரல் வந்ததையெல்லாம் பண்புகளில் இட்டது. சாவி பிறர் ஒருவரின் கணக்கிற் சேர்ந்தது. அதனைக் கொண்டு அவர் றெயில்ஸ் என்னும் புகழ்பெற்ற செய்நிரற்றொகுதியிலேயே எழுதிக் காட்டினார். குறைபாட்டை எடுத்துக்காட்டுவதே அவர் நோக்கமாதலின் பெருங்கேடு நேரவில்லை. இதன் பயனாக, 2013ஆம் ஆண்டு வெளிவந்த றெயில்ஸ் நான்காம் பதிப்பில், எவ்வெவ் விபரங்களை ஏற்கலாம் என வெளிப்படையாக அனுமதித்தல் இயல்பான முறையாயிற்று.

இரண்டாவது வரலாறு இதனினும் ஆழமான பாடத்தைத் தருவது. ஜாவா மொழியில் எழுந்த ஸ்பிறிங் என்னும் செய்நிரற்றொகுதி, இணையப் படிவத்தில் வரும் பெயர்களைத் தன்னாய்வினால் பொருளின் பண்புகளோடு பொருத்தும். பெயர்களைப் புள்ளியிட்டுத் தொடுத்தால், ஒரு பண்பின் உட்பண்பு, அதன் உட்பண்பு எனத் தொடர்ந்து செல்லவும் செய்யும். ஜாவாவில் எப்பொருளும் தன் வகுப்பு யாது எனச் சொல்லவல்லது. அவ்வழியே வகுப்பிற்குச் சென்று, வகுப்பிலிருந்து அதனை ஏற்றிய ஏற்றியைத் தொடலாம் என்பது 2010ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. உடனே 'வகுப்பின் ஏற்றியைத் தொடலாகாது' எனப் பெயர் குறித்து அவ்வாயில் அடைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவா ஒன்பதாம் பதிப்பு, வகுப்பிற்குத் 'தொகுதி' என்னும் பொருள்பட ஒரு புதிய பண்பைச் சேர்த்தது. அப்பண்பின் உள்ளேயும் அதே ஏற்றி இருந்தது. அடைத்த வாயிலின் பக்கத்தில் வேறொரு வாயில் தோன்றியதை 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வரையிற் பெரும்பாலோர் அறிந்திலர். அம்மாதம் அது வெளியானபோது, பரிமாறியின் குறிப்பேட்டு அமைப்பை மாற்றி அங்கே பிறர் செய்நிரலை எழுதி ஓட்டலாம் என்பது தெளிவாயிற்று. 'ஸ்பிறிங்-போர்-செல்' என அது பெயர் பெற்றது. அதன் திருத்தத்தில் விதி தலைகீழாக்கப்பட்டது: வகுப்பு என்னும் பொருளில் அதன் பெயரைச் சார்ந்த பண்புகள் மாத்திரமே இவ்வழியில் அனுமதிக்கப்பட்டன.

இவ்விரண்டு வரலாறுகளும் ஒரு விதியைக் காட்டுகின்றன. விலக்குப் பட்டியல், எழுதிய நாளில் இருந்தவற்றை மாத்திரம் அறியும். பின்னர் சேர்க்கப்படும் பண்பு விலக்கப்படாததாகவே பிறக்கும். அனுமதிப் பட்டியலிலோ, பின்னர் சேர்க்கப்படும் பண்பு அனுமதி இல்லாததாகவே பிறக்கும். மறதி நேருமிடத்து முன்னையது கதவைத் திறந்துவிடும். பின்னையது மூடியே வைக்கும். டொற்நெற் மேடையிலேயே இரு முறையும் உள. 2002 முதலுள்ள எக்ஸ்எம்எல் ஆக்கி, வெளிப்படையான பண்புகளை எல்லாம் ஏற்று, விலக்கவேண்டியவற்றிற்கு அடைமொழி கேட்கும். 2006ஆம் ஆண்டு வந்த 'தரவு ஒப்பந்தம்' என்னும் முறையில், ஒப்பந்தம் என வகுப்புக்கு அடைமொழி இட்டபின், ஏற்கவேண்டிய உறுப்புக்கள் ஒவ்வொன்றிற்கும் அடைமொழி வேண்டும். வெளியார் அனுப்பும் தரவைப் பெறுமிடத்துப் பின்னைய நெறியைக் கொள்க.

இன்னுமொன்று. எந்தப் பண்பை நிரப்புவது என்பதை அடைமொழியாற் காத்துவிட்டு, எந்த வகுப்பை ஆக்குவது என்பதைக் கோப்பின் கையில் விடுதல் ஆகாது. டொற்நெற் மேடையிற் 'பைனறிபோமற்றர்' என்றொரு பழைய கருவி இருந்தது. ஆக்கவேண்டிய வகுப்பின் பெயரை வரும் தரவே கூறும். கருவி அதனை ஆக்கும். தீயோர் அனுப்பிய தரவு, தீங்கு செய்யத்தக்க வகுப்புக்களைப் பெயர் கூறி அழைத்தது. அதனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வழியில்லை என மைக்கிறோசொவ்ற் நிறுவனமே அறிவித்து, 2024ஆம் ஆண்டு வெளிவந்த ஒன்பதாம் பதிப்பில் அதன் செயற்பாட்டை மேடையினின்றும் நீக்கிவிட்டது. நமது படிமுறையில் வகுப்பைக் கூறுபவர் செய்நிரலாளர். கோப்பு மதிப்புக்களை மாத்திரம் தரும். அவ்வெல்லையைக் காத்தல் வேண்டும்.

7. விலையும் பரிகாரமும்

தன்னாய்வுக்கு நாம் கொடுக்கும் விலை மூன்று. முதலாவது, தொகுப்பானின் காவல் குறைகின்றது. அடைமொழியில் 'முழுப்பெயர்' என்பதை 'முழுபெயர்' என எழுதிவிட்டால் தொகுப்பான் அறியாது. கோப்பைப் படிக்கும்போதே வெளிப்படும். பரிகாரம், செய்நிரல் தொடங்கும்போதே எல்லா வகுப்புக்களின் அடைமொழிகளையும் ஒருமுறை சோதித்தலும், மாதிரிக் கோப்பொன்றைப் படித்துப் பார்க்கும் சோதனையை எழுதிவைத்தலுமாம்.

இரண்டாவது, வேகம். தன்னாய்வினால் மதிப்பிடுதல் நேரே மதிப்பிடுதலினும் மந்தமானது. நானூறு நிரைகளுக்கு இவ்வேறுபாடு தோன்றாது. கோடி நிரைகளுக்குத் தோன்றும். அப்பொழுது தன்னாய்வை ஒருமுறை மாத்திரம் செய்து, கண்டதைக் கொண்டு நேரான செயல்முறையைத் தொகுத்து வைத்துக்கொள்ளலாம். 2007ஆம் ஆண்டு முதல் இதற்கு மேடையிலேயே வசதி உண்டு. 2020ஆம் ஆண்டு முதல், அடைமொழிகளைத் தொகுக்கும்போதே படித்து நேரான செய்நிரலை எழுதித்தரும் ஆக்கிகளும் வந்துள்ளன. அவற்றைக் கொண்டால் தொகுப்பானின் காவலும் ஓரளவு மீளக் கிடைக்கும்.

மூன்றாவது, மறைவு. செய்நிரலைச் சிறிதாக்கும் கருவிகள் எவரும் அழையாத உறுப்புக்களை வெட்டிவிடும். தன்னாய்வினால் மாத்திரம் தொடப்படும் பண்பு, எவரும் தொடாததாகவே அவற்றிற்குத் தோன்றும், வெட்டுண்டும் போகும். 'இதனைத் தன்னாய்வு தொடும், வெட்டற்க' எனக் கூறுதற்கும் ஓர் அடைமொழியே அமைக்கப்பட்டிருக்கின்றது. மனிதருக்கும் இம்மறைவு இடர் தருவதே. பண்பு எங்கே நிரப்பப்படுகின்றது எனத் தேடும் புதிய பணியாளர் எங்கும் காணார். பண்பின்மேல் நிற்கும் அடைமொழியே அவருக்கு வழிகாட்டி. ஆதலின் அதற்குப் பொருள் விளங்கும் பெயரை இடுக.

8. கொள்ளலும் தவிர்த்தலும்

வகுப்பு ஒன்றே, கோப்பு ஒன்றே, அது மாறப்போவதும் இல்லை எனின், இரண்டாம் பகுதியிற் கூறிய நான்கு வரிகளே சிறந்தன. வகுப்புக்கள் பலவாய், வேலை ஒன்றேயாய், தலைப்புக்கள் காலந்தோறும் மாறுவனவாய் இருப்பின் அடைமொழியும் தன்னாய்வும் தகும். பொருளை ஆக்கியபின், அது முழுமையானதோ என ஆராயும் கடமை எவ்வழியிலும் நீங்காது. ஆக்கமுறையின் வழியே நுழையாமற் பண்புகளை ஒவ்வொன்றாக நிரப்பும்போது, ஆக்கமுறையில் எழுதிய சோதனைகள் நிகழாது போகும். சேர்ந்த நாள் பிறந்த நாளுக்கு முந்தியதாக நிற்கும் அங்கத்தவரையும் இம்முறை தடையின்றி ஆக்கிவிடும்.

பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு நிரையும் ஒரு மனிதரைப் பற்றியது. அவர் வயது, கொடுத்த பணம், பெற்ற உரிமை ஆகியன நாம் எழுதும் சில வரிகளின் கையில் இருக்கின்றன. ஒரு பண்பின்மேல் அடைமொழியை எழுதுமுன், 'இதன் பெயர் யாது' என்பதோடு 'இதனை வெளியிலிருந்து யார் மாற்றலாம்' என்றும் கேட்டு விடை கண்டபின் எழுதுக.

மாணவர் செய்து பார்க்கத்தக்கன

(அ) நான்காம் பகுதியிற் கூறிய படிமுறையை, நீர் அறிந்த மொழியொன்றில் எழுதுக. தலைப்புக்களின் ஒழுங்கை மாற்றியும் அதே பொருள்கள் கிடைக்கின்றனவா எனச் சோதிக்க.

(ஆ) 'நிரல்' என்னும் அடைமொழிக்குத் திகதியின் வடிவத்தையும் சேர்த்து, கணினியின் நாட்டு வழக்கை மாற்றிவிட்டு '03/04/1961' என்பதைப் படித்துப் பார்க்க.

(இ) கோப்பிலே 'நிர்வாகியா' என்னும் நிரலைச் சேர்த்து, உமது செயல்முறை அதனை ஏற்கின்றதா, புறக்கணிக்கின்றதா, எடுத்துச் சொல்கின்றதா எனக் காண்க. இம்மூன்றனுள் எது சங்கத்தின் செயலாளருக்கு உகந்தது எனக் காரணத்துடன் எழுதுக.